பத்து ஜன்னல் பறவைகள்

எங்கள் வண்டியின் கண்டக்டருக்கு எதையும் எண்ணாமல் இருக்கத் தெரியாது. மாடி ஏறினால் படிகளை எண்ணுவாள். மருத்துவமனையில் காத்திருந்தால் முன்னால் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் நோயாளி, எத்தனை பேர் துணைக்கு வந்தவர்கள் என்று பிரித்தே வைத்திருப்பாள். அவள் கணவர் எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாத மனிதர். அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார்: "நான் எத்தனை தடவை இருமினேன்னு கரெக்டா சொல்லுவா. மருந்தை மட்டும் நானே எழுந்து போய் எடுத்துக்கணும்."

பதினேழாம் நம்பர் வண்டிக்கு நான் டிரைவர். பதினைந்து வருடமாக அவள் கண்டக்டர். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள், பயணிகளுக்கு அவள் விசிலக்கா. என்னைப் பயணிகள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டிரைவருடைய முதுகைத்தான் ஊர் பார்க்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, மறைப்பானேன். கோபமும் உண்டு. கடைசி நொடியில் ஓடி வந்து ஏறிவிட்டு "ஏன் லேட்டு" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் டிப்போவில் சேர்ந்த முதல் பெண் கண்டக்டர் அவள். அப்போது வயது இருபத்தாறு. ஒரு வாரம் தாங்கமாட்டாள் என்றார்கள் ஆம்பிளைச் சிங்கங்கள். இரண்டாவது வாரம் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். வண்டியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அவர் முன்னும் பின்னும் நடந்து எண்ணிவிட்டு எழுபத்தொன்று என்றார். இவள் எழுபத்திரண்டு என்றாள். மறுபடி எண்ணினார், எழுபத்தொன்று. "கடைசி சீட்டுக்குக் கீழ பாருங்க சார்," என்றாள். அங்கே ஒரு பெயின்டர் சாக்கை விரித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், கையில் டிக்கெட்டோடு. அதற்குப் பிறகு டிப்போவில் யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வண்டி ரயில் நிலையத்தில் புறப்பட்டு ஏரிக்கரையில் முடிகிறது. கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையம். அதன் மதில் சுவர் சாலையை ஒட்டியே நீளமாக ஓடும். ஓங்கிய ஆள் எட்டிப் பார்த்தாலும் உள்ளே தெரியாது. ஆனால் பஸ் உயரத்திலிருந்து தெரியும். சுவருக்கு அந்தப்புறம் ஒரு பழைய வண்டல் குளம். ஏரித் தண்ணீரை அதில் விட்டுத்தான் ஒரு காலத்தில் சேறு படியவைத்தார்கள். புது இயந்திரங்கள் வந்த பிறகு அதை யாரும் சீந்துவதில்லை. முழங்கால் ஆழத் தண்ணீர், நிறைய பாசி, பூட்டிய கதவு. வாத்துக்கு வேறென்ன வேண்டும்?

அவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு மறதிக்காரப் பயணிதான் காரணம். வண்டியில் ஒரு பறவைப் புத்தகத்தை விட்டுவிட்டு இறங்கிப் போனார். டிப்போவில் ஆறு மாதம் வைத்திருந்து, யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவரிடமே கொடுத்துவிடுவார்கள். அதுவரை அவளுக்கு அப்படி வந்ததெல்லாம் குடைகள். இந்த முறை புத்தகம். கடைசி நிறுத்தத்தில் எங்களுக்குப் பத்து நிமிட ஓய்வு. நான் டீ குடிக்கப் போவேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து ஏரியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒரே குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து, கிளுவை, நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட நாமக்கோழி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெயர் தெரிந்தால் அடுத்த வேலை என்ன? எண்ணுவதுதான்.

வண்டல் குளத்தை அவள் எண்ணிய விதம் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. குளத்தின் எதிர்க்கரையில் வரிசையாகக் கல்தூண் வேலி இருக்கிறது. வண்டியின் சுவர்ப் பக்கத்தில் பத்து ஜன்னல்கள். ஒரு ஜன்னலுக்கு மூன்று தூண் இடைவெளி என்று பங்கு பிரித்தாள். அந்த இடத்தில் வரிசையாக ஐந்து வேகத்தடைகள், வண்டி எப்படியும் ஊர்ந்துதான் போகும். தனி ஆளால் ஒரு நடைக்கு ஒன்றிரண்டு ஜன்னல்தான் எண்ண முடியும் என்று ஆனதும், பயணிகளைப் பிடித்தாள். "அந்தத் தூணுக்கும் இந்தத் தூணுக்கும் நடுவுல எத்தனைன்னு மட்டும் பாருங்க. ஒண்ணு ஒண்ணா எண்ணாதீங்க. பத்துப் பத்தா கட்டுங்க. கும்பல்ல நான் தலை எண்ணுற மாதிரிதான்."

முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். காலை ஆறு நாற்பது வண்டியில் தினமும் வருகிற நர்ஸ் முதல் ஜன்னல். சாவி செய்கிறவர் மூன்றாவது. தையல் கம்பெனிக்குப் போகும் அக்காள் தங்கை இருவரும் ஆறும் ஏழும். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் ஐந்தாவதில் உட்காருவார். எங்கள் வண்டியிலேயே மோசமாக எண்ணுகிறவர் அவர்தான். "சார், உங்க பங்குல தினமும் வாத்து குட்டி போடுதா?" என்று சாவிக்காரர் கேட்பார். நான் மட்டும் பல வருடம் இதில் சேரவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது, வாத்து வந்து சம்பளமா கொடுக்கப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன்.

போன வருடம்தான் எண்ணுவதற்கு ஒரு காரியம் வந்தது. ஏரியில் மோட்டார் படகு விட ஒரு கம்பெனி வாரியத்திடம் அனுமதி கேட்டது. வாரியத்தில் ஒரு விதி இருக்கிறது: குளிர்காலத்தில் ஏரியிலும் அதைச் சேர்ந்த நீர்நிலைகளிலும் ஐயாயிரம் பறவைகளுக்கு மேல் இருந்தால் மோட்டார் படகு கூடாது. அதற்குக் கீழே இருந்தால் தாராளமாக விடலாம். எண்ணிச் சொல்வது பறவை ஆர்வலர் சங்கத்தின் பொறுப்பு. குளிர்காலத்தின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குழு குழுவாகக் கரையைச் சுற்றி நடந்து எண்ணுவார்கள். முந்தைய வருடம் அவர்கள் எழுதிக் கொடுத்தது இரண்டாயிரத்து எண்ணூறு.

அதைக் கேட்டதும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. "அண்ணே, ஞாயித்துக்கிழமை எண்ணினா எப்படி இருக்கும்? கரை பூரா ஜனம், பிள்ளைங்க கல்லு விடும், துடுப்புப் படகு போகும். பாதிப் பறவை ஏரியில நிக்காம சுவத்துக்குப் பின்னால வந்துரும். ஞாயித்துக்கிழமைதான் நம்ம குளம் ரொம்பி வழியும்."

அது உண்மை. சங்கத்தில் எல்லோரும் உத்தியோகம் பார்க்கிறவர்கள், அவர்களுக்கு ஞாயிறுதான் விடுமுறை. அதனால் வருடா வருடம் பறவைகள் ஏரியில் இல்லாத நாளாகப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. அந்தச் சுவருக்கு வெளியேதான் அவர்கள் தங்கள் கார்களை நிறுத்துவார்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக்குக்கு யூனிஃபார்மோடு போய், தன் கணக்கைச் சொன்னாள். ஏரியும் குளமும் சேர்த்தால் ஐயாயிரத்துக்கு மேல் என்றாள். டாக்டர் கெட்டவர் இல்லை. பறவைகள் மேல் அவருக்கும் உயிர்தான். ஆனால் படித்தவர்களுக்கு வருகிற ஒரு சிரிப்பு அவருக்கும் வந்தது.

"அம்மா, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பக்கம் போறீங்க?"

"ஏழு நடை சார்."

"அதான். ஒரே வாத்தை ஏழு தடவை எண்ணியிருப்பீங்க."

"டிக்கெட் வாங்கினவங்ககிட்ட நான் திரும்ப டிக்கெட் கேட்டதில்ல சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அங்கே அப்படிச் சொன்னாளே தவிர, வண்டிக்கு வந்ததும் அழுதாள். பதினைந்து வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. "பொய் சொல்றேன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் அண்ணே. எண்ணத் தெரியலன்னு சொல்லிட்டாரு. படகு வந்துட்டா அதுங்க எங்க போகும்? தெரிஞ்ச நானே நிரூபிக்க முடியாம நிக்கணுமா?"

அந்த நிமிடம் நான் கட்சி மாறினேன். எங்கள் கண்டக்டருக்கு எண்ணத் தெரியவில்லை என்று ஒருவர் சொல்வதா? என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு ரோஷம் வந்திருக்காது. மறுநாள் ஓய்வு நேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு வாரியத்தின் பொறியாளரைப் பார்க்கப் போனேன். அனுமதியில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். கறார்ப் பேர்வழியான ஒரு அம்மாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டல் குளம் ஏரியைச் சேர்ந்ததுதான். எண்ணினா கணக்குல சேரும். ஞாயித்துக்கிழமை கதவைத் திறந்து விடுறேன், உள்ள போய் எண்ணுங்க," என்றார்.

"கதவைத் திறக்காதீங்க மேடம். போன மாசம் பம்ப் பாக்க ரெண்டு பேரு உள்ள போனாங்க. ஒரு பறவை மிச்சமில்ல, திரும்பி வர ரெண்டு நாள் ஆச்சு. ஆளைப் பாத்தா பறக்கும். பஸ்ஸைப் பாத்தா பறக்காது. தினம் பாக்குற வண்டி."

"அப்ப எப்படி எண்ணுறது?"

"டிக்கெட் எடுத்து வண்டியில ஏறுங்க மேடம்."

பொறியாளர் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு, அவரையும் வரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டது ஜன்னலுக்கு ஒருவராகப் பத்துப் பேரை. வந்தது முப்பத்தெட்டுப் பேர். லீவு நாளில் குளித்துத் தலைவாரி, ஏதோ பரீட்சைக்குப் போகிறவர்கள்போல ரயில் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். கணக்கு வாத்தியார் புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அவள் கணவரும் வந்து, யாரிடமும் பேசாமல் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நீரேற்று நிலையத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் பொறியாளரும் டாக்டரும் ஏறினார்கள். சங்கத்தார் காலையிலேயே ஏரியைச் சுற்றி எண்ணி முடித்திருந்தார்கள். "ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது," என்றார் டாக்டர், கொஞ்சம் வருத்தமாகவே. ஏரிக்கும் குளத்துக்கும் நடுவே இரண்டு ஆட்களை நிறுத்தி, பறவைகள் இடம் மாறினால் உடனே போன் செய்யச் சொல்லியிருந்தார். ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடக்கூடாதாம். அது நியாயம்தான். இவளும் அதையே கேட்டிருப்பாள்.

நர்ஸ் கணக்குப் போட்டார். ஐயாயிரத்தைத் தொட இன்னும் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது வேண்டும். வண்டி முழுக்க அந்த எண்ணைத்தான் முணுமுணுத்தது.

கணக்கு வாத்தியார் தானாகவே எழுந்து தன் ஐந்தாவது ஜன்னலைப் பொறியாளருக்குக் கொடுத்தார். ஒன்பதாவதில் டாக்டரை உட்காரவைத்தாள் தங்கச்சி. "தூணுக்குத் தூண் மூணு இடைவெளி சார், அதுக்குள்ள இருக்குறது மட்டும் உங்க பொறுப்பு. பக்கத்து ஜன்னல்ல என்ன இருந்தாலும் நீங்க பாக்கக்கூடாது." டாக்டர் தலையாட்டினார். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒருவர் உட்கார்ந்தும் ஒருவர் நின்றும் தனித்தனியாக எண்ண வேண்டும், இரண்டும் ஒத்து வந்தால்தான் எழுதுவாள்.

ஊர்ந்துகொண்டே எண்ணினால் டாக்டர் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வேகத்தடையைத் தாண்டி, தூண்கள் ஜன்னலுக்கு நேராக வந்ததும் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தமே இல்லாத இடத்தில் நான் வண்டியை நிறுத்தியது அன்றுதான். குளத்தைப் பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை. அப்படி அடைத்துக்கொண்டு கிடந்தன.

அப்போதுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது டிப்போ விதி. வருடக்கணக்கான பழக்கம், கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது. வண்டி அடங்கியது. குளத்தில் இருந்த அத்தனை கழுத்துகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

அந்தப் பறவைகளுக்கு எங்கள் எஞ்சின் சத்தம் பழக்கம். நாங்கள் சத்தமில்லாமல் நிற்பதுதான் புதிது. ஓரத்துக் கிளுவைகள் தண்ணீரில் ஓடத் தொடங்கின. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. பதறவே இல்லை. "அண்ணே, ஸ்டார்ட் பண்ணுங்க. எப்பவும் போல."

திருப்பினேன். என் வண்டி எப்போதும்போல இருமி, குலுங்கி, தடதடவென்று பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் நான் திட்டிய அந்த எஞ்சினுக்கு அன்று கோயில் கட்டிக் கும்பிடலாம்போல இருந்தது. நிமிர்ந்த கழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. ஓடிய கிளுவைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன. ஒரு ஊசிவால் வாத்து எங்களைப் பார்த்துவிட்டு, நீங்கள்தானா என்பதுபோல் தலையைத் தண்ணீருக்குள் விட்டது.

எண்ணி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. நடுவே காவல் நின்றவர்களிடமிருந்து அதுவரை போன் எதுவும் வரவில்லை. பிறகு அவள் முன்னாலிருந்து ஒவ்வொரு ஜன்னலாக வந்தாள். டிக்கெட் கொடுக்க வரும் அதே நடை. கூட்டலை நர்ஸ் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் ஜன்னல், இருநூற்று நாற்பது. இரண்டு, முந்நூற்றுப் பத்து. சாவிக்காரர் முந்நூற்று எண்பத்தைந்து என்றார், பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். நான்காவதில் நானூற்று இருபது. பொறியாளர் மூன்று தடவை எண்ணிவிட்டு நானூற்று அறுபது என்றார். அக்காள் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, தங்கை முந்நூற்று ஐம்பது. எட்டாவது ஜன்னல் இருநூற்றுத் தொண்ணூறு.

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பது," என்றார் நர்ஸ். "ஏரியோட சேத்தா நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு."

பத்துதான் குறைவு. வண்டி முழுக்க ஒன்பதாவது ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். டாக்டர் இன்னும் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது, பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி அவசரப்படுத்தவில்லை, பென்சிலோடு பக்கத்தில் நின்றாள்.

"இருநூத்தி அறுபத்தஞ்சு," என்றார் கடைசியில். அவருக்குப் பின்னால் நின்றவர் பேசாத மனிதரான எலக்ட்ரீஷியன். அவரும் வாயைத் திறந்து, "இருநூத்தி அறுபத்தஞ்சு," என்றார்.

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். "தாண்டிடுச்சும்மா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பத்தாவது ஜன்னலில் இன்னும் நூற்று எண்பது. ஆக மொத்தம் ஐயாயிரத்து நானூற்று முப்பத்தைந்து.

ஒருவரும் கத்தவில்லை. கத்தினால் பறந்துவிடும். முப்பத்தெட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் குதித்தார்கள். கணக்கு வாத்தியார் சாவிக்காரரைக் கட்டிப்பிடித்தார். அவள் விசிலைக்கூட எடுக்கவில்லை. என் தோளில் தட்டினாள், அவ்வளவுதான். நான் கியரைப் போட்டு, முட்டையை ஏற்றிக்கொண்டு போவதுபோல் வண்டியை நகர்த்தினேன்.

மதில் சுவர் முடிந்து, வளைவு திரும்பியதும் அடித்தாள் பாருங்கள் ஒரு விசில். வண்டிக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. கைதட்டலும் சீட்டியும் சிரிப்பும் சேர்ந்து கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நானும் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டேதான் ஓட்டினேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். பன்னிரண்டு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் கேட்ட டைம் கீப்பருக்குப் பிற்பாடு "வாத்து" என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். பொறியாளர் வண்டியின் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து, மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கைப் படிவத்தை டாக்டர் நிரப்பினார். கடைசி வரியில், எண்ணிய குழுவின் தலைவர் யார் என்று ஒரு கட்டம். வழக்கமாக அவர் பெயர் வருகிற இடம். அதில் அவள் பெயரை எழுதினார். 'தகுதி' என்றிருந்த பக்கத்துக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இங்க என்ன போடட்டும்? பறவை ஆர்வலர்னு போட்டுரவா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"கண்டக்டர்னு போடுங்க சார்," என்றாள்.

டாக்டர் அப்படியே எழுதினார்.